காலிப் பையின் எடை

பயணப் பை தைக்கும் தொழிலில் பதினாறு ஆண்டுகளாக இருக்கிறேன். விமானத்தில் கையோடு எடுத்துச் செல்லும் பை வேண்டும் என்று வருபவர்கள் முதலில் கேட்பது, “இது எத்தனை லிட்டர் பிடிக்கும்?” என்பதுதான். பதில் சொல்வதற்கு முன், காலிப் பையைத் தராசின் கொக்கியில் மாட்டி எடையைக் காட்டுவது என் வழக்கம். கையில் தூக்கிப் பார்த்து வாங்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. ஆனால் கடையில் இருக்கும் பையைக் கிராம் கணக்கில் நிறுத்துப் பார்த்து வாங்கியவர்களை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன்.

நம் உள்நாட்டு விமானங்களில் சாதாரண வகுப்புப் பயணிக்குப் பொதுவாக அனுமதிக்கப்படும் கைப்பை எடை 7 கிலோ. நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 115 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. சக்கரமும் இழுகைப் பிடியும் வைத்த சிறிய டிராலிப் பெட்டி காலியாகவே இரண்டரை முதல் மூன்றரை கிலோ வரை இருக்கும். அதாவது, ஒரு சட்டைகூட வைக்காத நிலையில் அனுமதித்த எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், சிலவற்றில் பாதியே, தீர்ந்துவிடுகிறது. மடிக்கணினியும் அதன் சார்ஜரும் 2 கிலோ என்று வைத்துக்கொண்டால், துணிக்கும் மருந்துக்கும் மிஞ்சுவது ஒன்றரை முதல் இரண்டரை கிலோதான். அதே பயணி 900 கிராம் எடையுள்ள துணிப் பையைத் தோளில் மாட்டிச் சென்றால் நான்கு கிலோவுக்கு மேல் மிஞ்சும். தோள் வலி, முதுகு வலி உள்ளவர்களுக்குச் சக்கரம் தேவை என்பதை நான் மறுக்கவில்லை. அவர்கள் அந்த எடையைத் தெரிந்தே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் வேண்டுகோள்.

பையின் எடை எங்கே ஒளிந்திருக்கிறது என்பதை நானும் தாமதமாகத்தான் கற்றேன். துணியை மாற்றினால் போதும் என்று முதலில் நினைத்தேன். நைலான் துணியின் தடிமனை டெனியர் என்ற அளவால் குறிப்பார்கள். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடை இருக்கிறதோ அதுவே அதன் டெனியர். 1000 டெனியரிலிருந்து 500 டெனியருக்கு இறங்கியபோது என் 35 லிட்டர் பையில் குறைந்தது 150 கிராம் மட்டுமே. அதன் பிறகு உள்ளே தைத்திருந்த தடுப்புகளையும், சுற்றிலும் வைத்திருந்த ஃபோமையும், யாரும் பயன்படுத்தாத நான்கு சிறு பாக்கெட்டுகளையும் எடுத்துவிட்டு நிறுத்தபோது 400 கிராம் குறைந்தது. ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரு துண்டுத் துணி, ஒரு ஜிப், ஒரு ரன்னர், விளிம்பைச் சுற்றி ஒரு நாடா. இருபது அறைகள் கொண்ட பை கடையில் பார்க்க அழகாக இருக்கும். பாதுகாப்புச் சோதனை வரிசையில் நிற்கும்போது கடவுச்சீட்டு எந்த அறையில் இருக்கிறது என்று தேட வைக்கும்.

குறைக்கக் கூடாத இடங்களும் உண்டு. பழுதுபார்க்க வரும் பைகளில் துணி கிழிந்து வருபவை குறைவு. தோள் பட்டை பையோடு சேரும் இடம் பிய்ந்து வருபவையே அதிகம். அந்த இடத்தை உட்புறமாகப் புரட்டிப் பாருங்கள். பட்டையின் நுனி துணியின் ஓரத்தோடு ஒரே ஒரு தையலில் நின்றால், நிறைந்த பையை ஒற்றைத் தோளில் மாட்டித் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்தத் தையல்தான் முழு எடையையும் வாங்குகிறது. நான் பட்டையை இரண்டங்குலம் உள்ளே விட்டு, பின்னால் ஒரு ஒட்டுத் துணி கொடுத்து, சதுரமாகவும் அதன் குறுக்கே பெருக்கல் குறியாகவும் தைக்கிறேன். இதனால் கூடும் எடை பத்து கிராம்கூட இராது. ஜிப்பிலும் இதே கண்டிப்பு வேண்டும். ஜிப்பின் எண் என்பது, மூடிய நிலையில் பற்களின் அகலம் ஏறக்குறைய எத்தனை மில்லிமீட்டர் என்பதைக் குறிக்கும். முதன்மை வாய்க்கு 8 அல்லது 10ஆம் எண் காயில் ஜிப் (சுருள் வடிவப் பற்கள் கொண்டது) வைக்க வேண்டும். 5ஆம் எண் வெளிப் பாக்கெட்டுக்குப் போதும்.

என் வடிவமைப்பில் நான் செய்த மிக முக்கியமான மாற்றம் ஒரு வாடிக்கையாளரின் துன்பத்திலிருந்து வந்தது. அறுபதைக் கடந்த அந்தப் பெரியவர், விமானம் ஏறும் வாயிலில் மேல் தட்டில் இடமில்லை என்று சொல்லப்பட்டதால் பையைக் கொடுத்துவிட்டு ஏறினார். இறங்கிய ஊருக்கு அவர் வந்தார்; பை மறுநாள்தான் வந்தது. “இன்சுலின் பேனா அடியில் இருந்தது தம்பி, அவசரத்தில் எடுக்கத் தோன்றவில்லை” என்றார். இரவு பதினொரு மணிக்குத் தெரியாத ஊரில் மருந்துக் கடை தேடியிருக்கிறார். அது நான் தைத்த பை. அன்றிலிருந்து என் பைகள் அனைத்திலும் வாய்ப்பகுதியை ஒட்டி, கொக்கியில் மாட்டிய ஒரு சிறு பையை வைக்கிறேன். ஒரே இழுப்பில் கழன்று கைக்கு வரும். மருந்து, கடவுச்சீட்டு, பவர் பேங்க் மூன்றும் அதில்தான் இருக்க வேண்டும்.

பவர் பேங்கை நான் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. லித்தியம் மின்கலம் கொண்ட பவர் பேங்கைச் சரக்கறையில் போகும் பையில் வைக்கவே கூடாது. ஆகவே வாயிலில் பையைக் கொடுக்க நேர்ந்தால் அதை வெளியே எடுத்தாக வேண்டும். பொதுவான வரம்பு 100 வாட் ஹவர். 20,000 மில்லி ஆம்பியர் ஹவர் என்று எழுதியிருந்தால், அதை 3.7 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் 74 வருகிறது; ஆகவே அது வரம்புக்குள் அடங்கும். 2025 ஜனவரி 28 அன்று தென் கொரியாவின் கிம்ஹே விமான நிலையத்தில் புறப்படக் காத்திருந்த ஏர் பூசான் விமானம் தீப்பிடித்தது. மேல் தட்டில் இருந்த பவர் பேங்க் காரணமாக இருக்கக்கூடும் என்று விசாரணையாளர்கள் கூறினர். அந்தத் தீ விபத்துக்குப் பின் அந்நாட்டில் பவர் பேங்கை மேல் தட்டில் வைக்கத் தடை வந்தது. கண்ணில் படும் இடத்தில் அது இருந்தால்தான் சூடேறுவதும் உப்புவதும் உடனே தெரியும்.

அடுக்கும் முறையில் ஒரு செய்தியை மட்டும் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். துணியை அமுக்கி வைக்கும் ஜிப் உறைகள் இடத்தைக் குறைக்கின்றன, எடையைக் குறைப்பதில்லை; மிச்சமாகும் இடத்தில் நாம் இன்னும் இரண்டு சட்டைகளை வைத்துவிடுவதால் எடை கூடத்தான் செய்கிறது. ஒரு ஜீன்ஸ் 600 கிராமைத் தாண்டும். அடர்ந்த டர்க்கி டவலும் அதற்குச் சற்றே குறைவாக இருக்கும், ஈரமானால் ஒரு நாளில் காயாது. நம் ஊர் ஈரிழைத் துண்டு அதில் சிறு பங்கு எடைதான். இரவில் அலசிப் போட்டால் காலையில் உலர்ந்திருக்கும். கனமான பொருள்களை முதுகை ஒட்டியும் தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவிலும் வருமாறு வையுங்கள். வெளிப்பக்கம் வைத்தால் அதே எடை பின்னால் இழுக்கும்.

பயணம் முடிந்ததும் பையைப் பாலித்தீன் உறையில் சுற்றிப் பரண்மேல் போடாதீர்கள். துணியின் உட்புறத்தில் நீர் புகாமல் இருக்கப் பூசப்படும் பாலியூரித்தேன், வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் நாளடைவில் சிதைந்து, பிசுபிசுத்து, செதில் செதிலாக உரியும். கடலோர ஊர்களிலிருந்து என்னிடம் வரும் பழைய பைகளில் இதைத்தான் அதிகம் பார்க்கிறேன். ஒருமுறை உரியத் தொடங்கிய பூச்சை என்னால் சரிசெய்ய முடியாது; உள்துணியையே மாற்ற வேண்டியிருக்கும். ஜிப்பைத் திறந்து, நிழலில் ஒரு நாள் உலர்த்தி, காற்றுப் படும் இடத்தில் ஆணியில் மாட்டி வையுங்கள்.