ஒரு டீ-சர்ட்டுக்குள் எத்தனை நாள் பணம் உறங்குகிறது?

ஆர்டர் கிடைக்காமல் மூடிய கம்பெனிகளின் கதை எல்லோருக்கும் தெரியும். ஆர்டர் குவிந்திருக்கும்போதே மூடிய கம்பெனிகளும் உண்டு. திருப்பூர் போன்ற தொழில் ஊர்களில் இது புதிதல்ல. ஓட்டம், அதாவது விற்பனை, இரண்டு மடங்காகியிருக்கும், ஆடிட்டர் போட்டுக் கொடுத்த கணக்கில் லாபமும் இருக்கும். ஆனால் சனிக்கிழமை கூலி கொடுக்கக் கையில் பணம் இருக்காது. முதலாளியின் ஊதாரித்தனம் என்று ஊர் பேசும். பெரும்பாலும் அங்கே நடந்திருப்பது ஒரு பெருக்கல் கணக்கு. தொழில் வளர நல்ல சரக்கு, நம்பிக்கையான ஆட்கள், சரியான விலை எல்லாம் வேண்டும். இவை அத்தனையும் இருந்தும் தொழிலைக் கவிழ்த்துவிடக்கூடியது இந்தக் கணக்கு. அதனால் இதை விரிவாகப் பார்ப்பது நல்லது.

ஒரு டீக்கடையை நினைத்துக்கொள்ளுங்கள். நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார், ஒவ்வொருவரும் பத்து நிமிடம் நின்று குடித்துவிட்டுப் போகிறார். எந்த நேரத்தில் எட்டிப் பார்த்தாலும் சராசரியாகப் பத்துப் பேர் நிற்பார்கள். வரும் வேகத்தைத் தங்கும் நேரத்தால் பெருக்கினால் உள்ளே இருப்பவர்களின் எண்ணிக்கை வந்துவிடும். பார்க்க எளிதாக இருக்கும் இந்த உறவு எல்லா வகை வரிசைகளுக்கும் பொருந்தும் என்பதை ஜான் லிட்டில் 1961-இல் கணிதமாக நிறுவினார். இதற்கு லிட்டில் விதி என்று பெயர். கடையில் நிற்கும் ஆட்களுக்குப் பொருந்தும் இந்த விதி, தொழிலுக்குள் நிற்கும் ரூபாய்க்கும் அப்படியே பொருந்தும்.

உள்நாட்டு விற்பனைக்கு நாளொன்றுக்கு 500 டீ-சர்ட் தைக்கும் ஒரு சிறு கம்பெனியை எடுத்துக்கொள்வோம். எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்தவை. உங்கள் கம்பெனியின் எண்களை அந்த இடங்களில் போட்டுக்கொள்ளலாம். ஜிஎஸ்டி நீங்கலாக விற்பனை விலை 150 ரூபாய். நூலுக்கு 65, நிட்டிங்குக்கும் சாயத்துக்கும் 25, கட்டிங் முதல் பேக்கிங் வரை 40, வாடகை, கரன்ட், சம்பளம் என்று 11. மொத்தச் செலவு 141, லாபம் 9 ரூபாய்.

இனி நாட்களைப் பார்ப்போம். முதல் நாள் ரொக்கம் கொடுத்து நூல் வாங்குகிறார்கள். நிட்டிங், சாயப்பட்டறை, துணி பிறகு சுருங்காமலிருக்கச் செய்யும் காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் எல்லாம் முடிந்து 40-ஆம் நாள் சரக்கு வண்டியேறுகிறது. வாங்கியவர் அதற்குப் பிறகு 75 நாள் கழித்துப் பணம் தருகிறார். ஆக, நூலுக்குப் போட்ட 65 ரூபாய் திரும்பி வர 115 நாள். நிட்டிங், சாயத்துக்கான 25 ரூபாயை 20-ஆம் நாள் கொடுத்தால் அது 95 நாள் வெளியே நிற்கும். தையல் கூலி முதலான 40 ரூபாய் சராசரியாக 35-ஆம் நாள் போகிறது என்றால் 80 நாள். மேல்செலவு 11 ரூபாய் 75 நாள்.

ஒவ்வொரு தொகையையும் அதன் நாட்களால் பெருக்கிக் கூட்டினால் ஒரு டீ-சர்ட்டுக்கு 13,875 வரும். இதன் அலகு ரூபாய்-நாள்: ஒரு ரூபாய் ஒரு நாள் முடங்கினால் ஒன்று. நாளுக்கு 500 டீ-சர்ட் என்பதால் 500-ஆல் பெருக்குங்கள். 69 லட்சத்து 37 ஆயிரத்து 500 ரூபாய். மெஷின் விலை, கட்டட அட்வான்ஸ் எதுவும் இதில் சேரவில்லை. இந்தக் கம்பெனி இதே வேகத்தில் ஓடும்வரை இந்தப் பணம் நூலாகவும் துணியாகவும் வரவேண்டிய பில்லாகவும் உள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். வெளியே எடுக்க முடியாது.

இப்போது பெரிய ஆர்டர் ஒன்று வருகிறது. நாளுக்கு 1,000 தைக்கவேண்டும். உள்ளே நிற்க வேண்டிய பணமும் இரண்டு மடங்காகும். இன்னொரு 69 லட்சம் வேண்டும். இப்போதைய மாத லாபம் 15,000 பீஸுக்கு 9 ரூபாய் வீதம் 1 லட்சத்து 35 ஆயிரம். அந்த லாபத்தை ஒரு ரூபாய்கூடத் தொடாமல் சேர்த்தாலும் 69 லட்சம் சேர 51 மாதம் ஆகும். ஆர்டரோ அடுத்த மாதமே தொடங்கவேண்டும். இந்த இடைவெளியில்தான் கம்பெனிகள் விழுகின்றன.

இதே கணக்கைத் திருப்பிப் போட்டால், கடன் இல்லாமல் எவ்வளவு வேகத்தில் வளரலாம் என்பது தெரிந்துவிடும். ஆண்டு லாபம் 16.2 லட்சத்தை உள்ளே நிற்கும் 69.4 லட்சத்தால் வகுத்தால் சுமார் 23 சதவீதம். வீட்டுச் செலவுக்கு மாதம் 50,000 எடுத்தால் மிச்சம் 10.2 லட்சம்; வேகம் 15 சதவீதத்துக்கு இறங்கிவிடும், வருமான வரி இன்னும் கழிக்கவில்லை. விலையை 3 ரூபாய் கூட்டிவாங்க முடிந்தால் லாபம் 9-லிருந்து 12 ஆகி, முதல் கணக்கிலிருந்த 23 சதவீதம் 31 ஆகும். விற்பனை விலையில் வெறும் 2 சதவீதம் வளர்ச்சி வேகத்தை மூன்றில் ஒரு பங்கு கூட்டுகிறது. ‘ஓட்டம் வந்தால் போதும், விலையை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்’ என்று அடக்க விலையை ஒட்டி ஆர்டர் பிடிப்பவர்கள் இந்த ஒரு வரியை நிதானமாகப் போட்டுப் பார்க்கவேண்டும்.

வங்கி உதவாதா? உதவும், ஓரளவுக்கு. சிறு தொழில்களுக்கு 5 கோடி ரூபாய் வரையிலான நடைமுறை மூலதனக் கடனுக்கு, அதாவது அன்றாட ஓட்டத்துக்கான கடனுக்கு, வங்கிகள் கையாளும் முறை 1990-களின் தொடக்கத்தில் பி.ஆர். நாயக் குழு பரிந்துரைத்தது. எதிர்பார்க்கும் ஆண்டு விற்பனையில் 25 சதவீதம் தேவை என்று வைத்து, 20 சதவீதத்தை வங்கி தரும். 5 சதவீதம் உரிமையாளர் போடவேண்டும். 25 சதவீதம் என்றால் ஆண்டில் நான்கு சுற்று, அதாவது பணம் மூன்று மாதத்தில் திரும்பிவிடும் என்ற அனுமானம். நம் கம்பெனியின் ஆண்டு விற்பனை 2.7 கோடி, அதில் 25 சதவீதம் 67.5 லட்சம். தேவை 69.4 லட்சம். ஏறக்குறைய சரியாகப் பொருந்துகிறது. எல்லாம் சொன்ன நாளில் நடக்கும்வரை.

வாங்கியவர் 75 நாளுக்குப் பதில் 120 நாளில் பணம் தந்தால்? கூடுதலாக 45 நாள், பீஸுக்கு 141 ரூபாய், நாளுக்கு 500 பீஸ். 31.7 லட்சம் புதிதாக முடங்கும். அதே நேரத்தில் இன்னொன்றும் நடக்கும். கையில் உள்ள சரக்கையும் வரவேண்டிய பில்லையும் எழுதி மாதந்தோறும் நீங்கள் தரும் ஸ்டாக் ஸ்டேட்மென்ட்டை வைத்துத்தான் சி.சி. (கேஷ் கிரெடிட்) கடன் கணக்கில் எவ்வளவு எடுக்கலாம் என்று வங்கி தீர்மானிக்கிறது. 90 நாளைத் தாண்டிய பில்களை வங்கிகள் பொதுவாக அந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. தேவை ஏறும் அதே மாதத்தில் எடுக்கக்கூடிய தொகை இறங்குகிறது. ரெண்டு வட்டிக்கும் மூணு வட்டிக்கும் ஆள் தேடி ஓடுவது இந்த மாதத்தில்தான்.

நாட்கள் கூடுவதற்கு வாங்குபவர் மட்டும் காரணமல்ல. வளர்ச்சியே நாட்களைக் கூட்டும். சாயப்பட்டறையில் ஒரு மெஷினில் ஒரு லாட், அதாவது ஒரே தடவையில் சாயமேற்றும் துணி, ஓட 8 மணி நேரம் என்று கொள்வோம். லாட்டுகள் ஒழுங்கில்லாமல் வந்து, ஓடும் நேரமும் ஏறி இறங்கினால், காத்திருக்கும் நேரத்தை வரிசைக் கோட்பாடு இப்படிச் சொல்கிறது: மெஷின் 80 சதவீத நேரம் ஓடினால் ஒரு லாட் சராசரியாக 32 மணி நேரம் காத்திருக்கும். 90 சதவீதம் என்றால் 72 மணி நேரம். 95 சதவீதம் என்றால் 152 மணி நேரம், ஆறு நாளுக்கு மேல். மெஷின் ஓடும் நேரம் 80 சதவீதத்திலிருந்து 95-க்கு ஏறியதில் வேலை ஐந்தில் ஒரு பங்குகூடக் கூடவில்லை. காத்திருப்பு ஐந்து மடங்கு நெருங்கிவிட்டது. தீபாவளிக்கு முன் சாயத்துக்குப் போன துணி ஏன் திரும்பவே மாட்டேன் என்கிறது என்பதற்கு இதுதான் விடை. லிட்டில் விதியில் பெருக்கப்படும் இரண்டு எண்களும் ஒரே சமயத்தில் ஏறுகின்றன: நாளுக்கு எத்தனை பீஸ், ஒவ்வொன்றும் எத்தனை நாள். எந்த மெஷினும் ஒரு நிமிடம் சும்மா நிற்கக்கூடாது என்று நினைக்கும் முதலாளிக்கு இது கசக்கும். ஆனால் நெருக்கடியான ஒரு கட்டத்தில் கொஞ்சம் இடைவெளி விட்டு வைப்பது, வட்டி கட்டுவதைவிட மலிவு.

எந்த இடத்தில் நாட்களைக் குறைப்பது என்பதிலும் கணக்கு இருக்கிறது. சாயப்பட்டறையில் 10 நாள் தாமதம் என்றால் அதில் நூல் பணம் 65 ரூபாய்தான் கூடுதலாகக் காத்திருக்கிறது: 3.25 லட்சம். பேக்கிங்கில் 10 நாள் தாமதமானால் கூலிவரை எல்லாம் கொடுத்து முடித்த 130 ரூபாய் காத்திருக்கும்: 6.5 லட்சம். துணி நகர நகர அதன்மேல் பணம் ஏறிக்கொண்டே போகிறது. பேக்கிங்கில் சரக்கு நிற்பதற்குப் பெரும்பாலும் அற்பக் காரணம் இருக்கும். எஸ், எம், எல், எக்ஸ்எல் 1:2:2:1 என்று பெட்டி போடவேண்டும்; எக்ஸ்எல்லில் கொஞ்சம் குறைகிறது, அந்தச் சாயத்தில் துணி மிச்சமில்லை. மற்ற மூன்று அளவும் முடிந்து அடுக்கியபடி கிடக்கும். செக்கிங்கில் கழிவது எத்தனை சதவீதம் என்று போன ஆறு லாட்டில் பார்த்து, கட்டிங்கிலேயே அளவுவாரியாக அத்தனை பீஸ் கூட வெட்டிவிட்டால் பல லட்சம் ரூபாய் விடுபடும்.

சீக்கிரம் பணம் தந்தால் 2 சதவீதம் தள்ளுபடி கொடுக்கலாமா? 75 நாளுக்குப் பதில் 15 நாளில் வந்தால் 60 நாள் மிச்சம்; விடுபடும் பணம் 42.3 லட்சம். தள்ளுபடிக்கு ஆகும் செலவு மாதம் 45,000 ரூபாய். அந்த 42.3 லட்சத்தை ரெண்டு வட்டிக்கு வாங்கியிருந்தால் மாத வட்டி 84,600. தள்ளுபடி கொடுப்பதே லாபம். ஆண்டுக்கு 11 சதவீத வங்கிக் கடனாக இருந்தால் மாதம் 38,800-க்குள் முடியும், தள்ளுபடி வேண்டாம். ஆளுக்கு ஆள் விடை மாறும், போட்டுப் பார்த்துத்தான் சொல்லவேண்டும்.

சட்டமும் ஒரு கருவிதான். 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் என்ற அரசுப் பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்குச் சரக்கு ஏற்கப்பட்டதிலிருந்து 45 நாளுக்குள் பணம் தரவேண்டும். எழுத்தில் ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாமதித்தால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டியோடு. அப்படிப் பார்த்தால் நம் உதாரணத்தின் 75 நாள் கெடுவே நிற்காது. அதை 45 ஆக்கினாலே 21 லட்சம் விடுபடும். 2024 ஏப்ரல் முதல் வருமான வரியிலும் பிடி விழுந்திருக்கிறது: கெடு தாண்டி நிலுவையில் இருக்கும் தொகையை, பணம் கொடுத்த ஆண்டில்தான் வாங்கியவர் செலவாகக் காட்ட முடியும். ஒரு நுணுக்கம் இருக்கிறது: சரக்கு இறங்கிய 15 நாளுக்குள் வாங்கியவர் எழுத்தில் குறை சொன்னால், அந்தக் குறை தீரும் நாளிலிருந்துதான் கெடு தொடங்கும். அதனால் டெலிவரி சலானில் தேதியும் கையொப்பமும் வாங்குங்கள், பில்லில் உத்யம் எண்ணை அச்சிடுங்கள்.

வழக்குப் போட்டால் வாங்குபவர் போய்விடுவாரே என்ற பயம் நியாயமானது. அதற்கு, வரவேண்டிய பில்லை முன்கூட்டியே பணமாக்கிக்கொள்ளும் ட்ரெட்ஸ் என்ற இணையத் தளங்கள் உள்ளன. வாங்குபவர் உங்கள் பில்லை அங்கே ஏற்றுக்கொண்டால் வங்கிகள் ஏலம் கேட்டு உடனே பணம் தரும். வட்டி அவருடைய தரத்தை ஒட்டி அமையும், அவர் கட்டத் தவறினால் உங்களிடம் திரும்ப வரமாட்டார்கள். 250 கோடிக்கு மேல் விற்றுவரவுள்ள நிறுவனங்கள் இதில் பதிவு செய்தே ஆகவேண்டும். பதிவு கட்டாயம் என்றாலும் ஒவ்வொரு பில்லையும் அங்கே ஏற்றச் சொல்லிக் கேட்கவேண்டியது நீங்கள்தான். ஆர்டர் பேசும்போதே கேட்பது எளிது, சரக்கு போன பிறகு கடினம்.

பெரிய ஆர்டருக்குத் தலையசைக்கும் முன் ஒரு தாளில் அடுத்த 13 வாரத்தைக் கட்டம் போட்டு எழுதுங்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலி. நூல் வாங்கும் நாளில் ரொக்கம். மாதாந்திரக் கணக்கு தருபவர் என்றால் 20-ஆம் தேதி ஜிஎஸ்டி. பில் போட்டாலே வரி கட்டவேண்டும், வாங்கியவர் பணம் தந்தாரா என்று அது பார்க்காது. வரவை வாங்குபவர் சொன்ன தேதியில் எழுதாதீர்கள், அவர் கடைசி ஐந்து பில்லுக்கு உண்மையில் எத்தனையாவது நாள் தந்தாரோ அந்த நாளில் எழுதுங்கள். ஏதாவது ஒரு வாரத்தில் மீதி பூஜ்யத்துக்குக் கீழே போனால், அந்த ஆர்டரைப் பாதியாகப் பிரித்து இரண்டு தவணையாக அனுப்ப முடியுமா, நூலுக்கு முன்பணம் தருவார்களா என்று கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.