பென்னி ஃபார்த்திங்: இதைத் தமிழ்ல எப்படிச் சொல்லலாம்?

முன்னாடி நெஞ்சு உயரத்துக்கு ஒரு சக்கரம், பின்னாடி குட்டியா ஒண்ணு, அந்தப் பழைய காலத்து சைக்கிள்தான் பென்னி ஃபார்த்திங். பேரு பிரிட்டிஷ் காசுலேர்ந்து வந்தது. பென்னி பெரிய காசு, ஃபார்த்திங் அதுல நாலுல ஒரு பங்கு, நாலாவதுங்கற பழைய ஆங்கிலச் சொல்லுதான் அப்படி ஆயிருக்கு, நம்ம காலணா மாதிரியேதான். ஆனா நாலுல ஒண்ணுங்கறது மதிப்புல மட்டும்தான், அளவுல பென்னி சுமார் 31 மில்லிமீட்டர், ஃபார்த்திங் சுமார் 20.

இந்த வண்டி நல்லா ஓடிட்டு இருந்த 1870கள்ல யாரும் இதை அப்படிக் கூப்பிடல, வெறும் பைசைக்கிள்தான். 1885ல இங்கிலாந்துல ஜான் கெம்ப் ஸ்டார்லி, இப்ப நாம ஓட்டற மாதிரி செயின் வெச்ச ரோவர் சேஃப்டி சைக்கிளைக் கொண்டு வந்த பிறகுதான் பழசைப் பிரிச்சுச் சொல்ல ஆர்டினரின்னாங்க. பென்னி ஃபார்த்திங் பட்டப்பேரு, 1891 வாக்குல, வண்டி ஓயற நேரத்துல ஒட்டினது. அதனால அணா காலணா வண்டின்னு தமிழாக்கினா எனக்குச் சம்மதமில்ல, கேக்க நல்லாதான் இருக்கு, ஆனா வண்டியோட குணம் அதுல எங்கயுமே இல்ல.

குணம்னா என்ன, கால்தான். இங்க டெல்லி மயூர் விகார்ல எங்க குடியிருப்புல ஒரு அண்ணா பழைய மாடல்ல புதுசா செஞ்சது ஒண்ணை பார்ட் பார்ட்டா வரவழைச்சார், ஆர்டர் குடுக்கறதுக்கு முன்னாடியே அவர்கிட்ட கேட்டது கால் உள்பக்க நீளம் எவ்வளவுன்னுதான், ஏன்னா இதுல செயின் கிடையாது, பெடல் முன் சக்கரத்து அச்சுலயே இருக்கு, ஒரு மிதிக்கு சக்கரம் ஒரு சுத்து, 50 இன்ச் சக்கரம்னா கிட்டத்தட்ட 4 மீட்டர் போகும். சக்கரம் பெருசாக பெருசாக வேகம், எவ்வளவு பெருசுங்கறதை உங்க கால்தான் முடிவு பண்ணும். அப்பா சைக்கிள்ல குரங்குப் பெடல் போட்டுக் கத்துக்கிட்டவங்க நாம, இதுல அந்த வழியே இல்ல.

அந்த 50 இன்ச் சக்கரத்துலதான், சைக்கிள்ல உலகம் சுத்தின தாமஸ் ஸ்டீவன்ஸ் 1884ல சான் பிரான்சிஸ்கோவுல கிளம்பி 1886 டிசம்பர்ல ஜப்பான்ல இருக்கற யோகோஹாமா சேர்ந்தார், நடுவுல லாகூர்லேர்ந்து கிராண்ட் ட்ரங்க் ரோடு பிடிச்சு நம்ம டெல்லி வழியாவே கல்கத்தா வரைக்கும் மிதிச்சிருக்கார்!

அண்ணாவுக்குப் பார்ட் பார்ட்டா வந்த வண்டியை மாட்டறதுல பெரிய சிக்கல் இல்ல. முன் சக்கரத்தை ஃபோர்க்ல உக்கார வெச்சு, வளைஞ்ச ஒத்தைக் குழாயைக் கோத்து, பின் சக்கரம், சீட்டு, பெடல். அதுல என்னை அசத்தினது ஸ்போக்தான். 1869ல பாரிஸ்ல யூஜீன் மேயர் கம்பியை இழுத்துக் கட்டின சக்கரத்தைக் கொண்டு வரலைன்னா இவ்வளவு பெரிய சக்கரம் இவ்வளவு லேசா வந்திருக்கவே முடியாது.

ஏறறதுதான் வித்தை. பின் சக்கரத்துக்குக் கொஞ்சம் மேல குழாய்ல ஒரு சின்னப் படி இருக்கும், அதுல இடது காலை வெச்சு, ஹேண்டில்பாரைப் பிடிச்சு, வலது காலால தரையை உந்தி, வண்டி உருண்டதும் படியிலேயே எழுந்து நிக்கணும், சீட்டை மறந்துட்டு முதல்ல அதை மட்டுமே பழகறது நல்லது. அப்புறம் சீட்டுக்கு நகர்ந்து, நிக்காம சுத்திட்டே இருக்கற பெடலைக் காலால தேடிப் பிடிக்கணும். மிதிக்கிற சக்கரமும் திருப்பற சக்கரமும் ஒண்ணேங்கறதால ஒவ்வொரு மிதிக்கும் ஹேண்டில் ஒரு பக்கம் இழுக்கும், கை எதிர்ப்பக்கம் பிடிச்சுக்கணும். பிரேக்கை மட்டும் சட்டுனு அழுத்தக்கூடாது, முன் சக்கரத்துக்கு மேலயே உக்காந்திருக்கோம், அப்படியே தலைகுப்புற போயிடும்.

இப்ப சொல்லுக்கு வருவோம். தமிழ்ல கால்னா உடம்புல இருக்கற காலும்தான், நாலுல ஒரு பங்கும்தான், சக்கரமும்தான். "கடலோடா கால்வல் நெடுந்தேர்"னு 496வது குறள்ல வர்ற கால் சக்கரமேதான். ஃபார்த்திங்ல இருக்கற கால் பங்கு, முன்னாடி நிக்கற பெரிய கால், அதை அளந்து குடுக்கற நம்ம கால், மூணும் ஒரே சொல்லுல அடங்குது, வேற எந்தச் சொல்லுல இது கிடைக்கும்? அதனால நெடுங்கால் மிதிவண்டின்னு சொல்லலாம்ங்கறது என் கருத்து. பெருஞ்சக்கர வண்டின்னாலும் தப்பில்ல, கொஞ்சம் தட்டையா இருக்கு, அவ்வளவுதான். பேச்சுல பென்னி ஃபார்த்திங்னே இருக்கட்டும், எழுதும்போது நெடுங்கால் மிதிவண்டின்னு போடுங்க, ஸ்போக்குக்கு ஆரக்கால், நடுவுல இருக்கற ஹப்புக்கு குடம், ஏறற படிக்கு ஏறுபடி.