முள் குத்திய புண் என்று விட்டுவிடாதீர்கள்

தோல் புற்றுநோய் என்று இணையத்தில் தேடினால் வெள்ளைத் தோல்காரர்களின் மூக்கும் காதும் உதடும்தான் வந்து குவியும். அவர்களுக்கு வெயில்தான் முதல் எதிரி. நம் தோலுக்குக் கருநிறம் தரும் மெலனின் வெயிலைப் பெருமளவு தாங்கிக்கொள்கிறது. அதனால் தோலின் மேலடுக்குச் செல்களில் தொடங்கும் ஸ்குவாமஸ் செல் புற்று நமக்குப் பல நேரம் வேறு வழியில் வருகிறது: பழைய தீக்காயத் தழும்பு, வருஷக்கணக்கில் ஆறாத கால்புண், தொழுநோயால் உணர்ச்சி போன பாதத்துக் குழிப்புண். தழும்பில் 30 வருஷம் கழித்துக்கூட வரும். பிரெஞ்சு அறுவை மருத்துவர் மார்ஜோலின் 1828இல் எழுதியதை ஒட்டி அதற்கு மார்ஜோலின் புண் என்று பெயர்.

பாம்பன், மண்டபம் பக்கம் பாசி எடுக்கும் பெண்கள், வாலிநோக்கத்து உப்பளத் தொழிலாளிகள், வலை இழுப்பவர்கள் கைகாலில் கீறல் இல்லாத நாள் குறைவு. கடலில் பாறையும் கெளுத்தி முள்ளும், கரையேறினால் சீமைக்கருவேல முள். எந்தக் கட்டியைக் காட்டினாலும் "முள்ளு குத்துனது சார், முனை உள்ளயே நிக்குது" என்பார்கள். பல நேரம் அது உண்மையும்கூட. சிக்கலே அங்கேதான்.

கருவேல முள்ளோடு மண்ணிலிருந்து ஒரு பூஞ்சை உள்ளே போகலாம். சில வருஷங்களில் பாதத்தில் மரு மாதிரி சொரசொரப்பாக, பூக்கோசு போல எழும்பி நிற்கும். பார்வைக்கு அசல் புற்று. மேலே கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பூஞ்சையைச் சந்தேகிப்பேன். ஆனால் சாதாரண மருவிலும் கறுப்புப் புள்ளி உண்டு. மீன் முள் குத்திய விரலில் சில வாரம் கழித்துக் கட்டி வந்து, அப்புறம் கையோடு மேல்நோக்கி ஒவ்வொன்றாக ஏறினால் அது காசநோய்க் கிருமியின் உறவுக்காரக் கிருமி ஒன்றாக இருக்கலாம். இதை ஆய்வகத்தில் 30 டிகிரி சூட்டில் வளர்க்க வேண்டும், வழக்கமான 37இல் சரியாக வளராது. அதனால் என்ன தொழில் செய்கிறீர்கள் என்பதை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆணிக்காலா மருவா என்பது எளிது. நேராக அழுத்தினால் வலிப்பது ஆணி, பக்கவாட்டில் கிள்ளினால் வலிப்பது மரு. ஆனால் உள்ளங்காலில் மெதுவாக வளரும் ஒருவகைப் புற்றும் இந்த இரண்டின் வேஷத்திலேயே வரும். கடையில் வாங்கிய ஆணி பிளாஸ்டர், எருக்கம்பால், பிளேடு என்று மாறி மாறி வைத்தியம் நடக்கும். நாற்றமும் நீரும் வந்த பிறகுதான் மருத்துவமனைக்கு வருவார்கள். மருந்துக்கு மசியாத தோல் படை ஒன்று ஒரே இடத்தில் மெல்ல விரிந்தால், அது தோலின் மேலடுக்கோடு நிற்கும் தொடக்கநிலைப் புற்றாக இருக்கலாம். அந்தக் கட்டத்தில் பிடித்தால் வேலை சுலபம்.

பழைய புண்ணில் நான் முதலில் தொட்டுப் பார்ப்பது விளிம்பை. ஆறுகிற புண்ணின் விளிம்பு சரிந்து, மெல்லிய புதுத்தோல் உள்நோக்கி நகரும். புற்றில் விளிம்பு தடித்து வெளிப்பக்கம் மடிந்திருக்கும், அடியில் கெட்டியாக இருக்கும், பஞ்சு பட்டாலே ரத்தம் கசியும். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்றும் பார்ப்பேன். சீழ் பிடித்தாலும் நெறி கட்டும்தான். வலியில்லாமல் கல் மாதிரி இருந்தால் கவலை.

இத்தனை பார்த்தாலும் கண்ணால் முடிவு சொல்ல முடியாது. விளிம்பிலிருந்து சதைத் துண்டு எடுத்துத்தான் பார்க்க வேண்டும். மரத்துப்போக ஊசி போட்டுச் செய்கிற சின்ன வேலை அது. ஒரு பாதி, புற்றா என்று பார்க்க, சதையைக் கெடாமல் வைக்கும் ஃபார்மலினில் போகும், இன்னொரு பாதி கிருமி வளர்த்துப் பார்க்க உப்புநீரில் போகும். ஃபார்மலினில் போட்டால் கிருமி செத்துவிடும். "கத்தி பட்டால் பரவிடும்" என்று பயந்து பலர் எழுந்து போய்விடுகிறார்கள். துண்டு எடுப்பதால் இந்தப் புற்று பரவுவதில்லை. தள்ளிப்போடுகிற மாதங்களில்தான் பரவுகிறது.

இன்னொன்று. மேலாக மட்டும் எடுத்த துண்டில் புற்று தப்பிவிடும், உள்ளங்கால் வகையில் குறிப்பாக. அறிக்கையில் புற்று இல்லை என்று வந்தும் புண் ஆறாமல் வளர்ந்தால், ஆழமாக இன்னொரு துண்டு எடுக்கச் சொல்லி நீங்களே கேளுங்கள்.