குரல் கொம்பியூட்டருக்குள் போகும் வழி

வீட்டில் ஒலிப்பதிவு தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "ஐ-ஃபைவ் புரொசசர் காணுமா, ஐ-செவன் வேணுமா?" கையிலுள்ள காசில் முக்கால்வாசி லப்டொப்புக்குப் போய்விடும். மிச்சத்துக்கு ஒரு மைக்கும், அதைச் செருக ஏதோ ஒரு பெட்டியும் வாங்குவார்கள். யாழ்ப்பாணத்தில் இன்று படுக்கையறையிலேயே பக்திப் பாடலும் குறும்பட இசையும் செய்கிற பொடியள் இருக்கிறார்கள். புதிதாக இதற்குள் வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். கொம்பியூட்டர் உங்கள் குரலை அழகாக்கப் போவதில்லை. பதிவின் தரம் குரல் கொம்பியூட்டருக்குள் நுழையுமுன்பே முடிவாகிவிடுகிறது. வந்ததை நேரத்துக்கு வாங்கி, நேரத்துக்குத் திருப்பிக் கொடுப்பது மட்டும்தான் அதன் வேலை. அந்த ஒரு வேலைக்கு எவ்வளவு வேகம் தேவை என்று தெரிந்துவிட்டால், காசை எங்கே போடுவது என்பதும் தெரிந்துவிடும்.

மைக்கிலிருந்து தொடங்குவோம். 90களில் இங்கே மின்சாரம் இல்லாத காலத்தில், சைக்கிளைக் கவிழ்த்து வைத்துப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து வந்த மின்சாரத்தில் றேடியோ கேட்ட கதை பெரும்பாலான வீடுகளில் இருக்கும். டைனமிக் மைக்குக்குள் நடப்பதும் அதே சங்கதிதான். டைனமோவில் கம்பிச் சுருளுக்குப் பக்கத்தில் காந்தம் சுழல்கிறது. மைக்கில் ஒரு மெல்லிய சவ்வு, அதோடு ஒட்டிய சின்னக் கம்பிச் சுருள், அதைச் சுற்றி அசையாத காந்தம். குரலின் காற்றழுத்தம் சவ்வைத் தள்ளி இழுக்க, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. வித்தியாசம் அளவில்தான். சைக்கிள் டைனமோ 6 வோல்ட் தரும். மேடைகளில் எங்கும் காண்கிற ஷூர் எஸ்எம்58 மைக், 94 டெசிபல் சத்தத்துக்கு 2 மில்லிவோல்ட்கூடத் தராது. ஏறக்குறைய மூவாயிரத்தில் ஒரு பங்கு.

ஒலிப்பதிவுக் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் லைன் அளவு சுமார் 1.23 வோல்ட். ஆகவே மைக்கிலிருந்து வருவதை அறுநூறு, ஆயிரம் மடங்கு பெருக்கியாக வேண்டும். ஆயிரம் மடங்கு என்பதைத்தான் 60 டெசிபல் என்கிறார்கள். பெருக்கும்போது குரல் மட்டும் பெருகாது, கூட வந்த இரைச்சலும் ஆயிரம் மடங்காகும். மைக்குக்கும் கொம்பியூட்டருக்கும் நடுவில் வைக்கும் ஓடியோ இன்டர்ஃபேஸ் என்ற பெட்டியின் முதல் வேலை இந்தப் பெருக்கலைச் சுத்தமாகச் செய்வது. அதைச் செய்யும் பகுதிக்குப் பிரீஆம்ப் என்று பெயர்.

லப்டொப்பின் மைக் துளையில் நேரடியாகச் செருகினால் என்ன? அந்தத் துளை, ஹெட்செட்டில் இருக்கும் சின்ன எலெக்ட்ரெட் மைக்குக்காகச் செய்தது. இரண்டு மூன்று வோல்ட் அனுப்பி அந்த மைக்கை உயிர்ப்பிக்கும். பெரிய பெருக்கலுக்கு அது ஆளில்லை. போதாக்குறைக்கு அது இருப்பது, வினாடிக்குக் கோடிக்கணக்கான தடவை துடிக்கும் மின்சுற்றுகளுக்கு நடுவில். வட்ஸ்அப்பில் பேசக் காணும். பாடக் காணாது.

இன்டர்ஃபேஸின் மைக் துளையில் மூன்று முனை இருப்பதற்கும் காரணம் உண்டு. எக்ஸ்எல்ஆர் கேபிளில் ஒரே குரல் இரண்டு கம்பிகளில் போகிறது. ஒன்றில் இருப்பதற்கு நேர்மாறாக மற்றதில் இருக்கும். மூன்றாவது, பூமி. வழியில் டியூப்லைட்டும் ஃபேன் ரெகுலேட்டரும் கிளப்பும் மின் இரைச்சல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரித்தான் ஏறும். பிரீஆம்ப் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிறது. நேர்மாறாக வந்த குரல் இரட்டிப்பாகும், ஒரே மாதிரி வந்த இரைச்சல் அடிபட்டுப் போகும். கரோக்கே மைக்கோடு கிடைக்கும், ஒரு பக்கம் எக்ஸ்எல்ஆர், மறுபக்கம் சாதாரண ஜக் உள்ள கேபிளில் இந்தக் கழித்தல் நடக்காது. கேபிள் வாங்கும்போது இரண்டு முனையையும் பாருங்கள்.

சரி, எவ்வளவு விலையுள்ள பிரீஆம்ப் வேண்டும்? விவரத்தாளில் ஈஐஎன் என்று ஒரு எண் இருக்கும். மைக்கின் சொந்த இரைச்சலோடு பிரீஆம்ப் சேர்ப்பதையும் கூட்டி அளந்த எண் அது. எந்தக் கம்பியிலும் வெப்பத்தால் எலெக்ட்ரான்கள் அலைந்துகொண்டே இருப்பதால், 150 ஓம் மைக் ஒன்று சும்மா கிடந்தாலே சுமார் மைனஸ் 131 டிபியூ (மின்னழுத்தத்தை டெசிபலில் சொல்லும் அளவு, மைனஸ் எண் பெரிதானால் இரைச்சல் குறைவு) இரைச்சல் தரும். அதற்குக் கீழே போக இயற்கை விடாது. இன்று ஆரம்பக்காரர்களுக்கென்று விற்கும் இன்டர்ஃபேஸ்கள் பல மைனஸ் 128 அளவில் நிற்கின்றன. இயற்கையின் தரைக்கு மேல் 3 டெசிபல். இதைவிடப் பல மடங்கு விலை கொடுத்து வாங்கினாலும் மிஞ்சிப்போனால் அந்த மூன்றைத்தான் மிச்சம் பிடிக்கலாம். "நல்ல பிரீஆம்ப்" என்ற பேச்சில் பாதி விளம்பரம் என்று நான் நினைப்பது இதனால்தான்.

பார்க்க வேண்டியது துளைகளை. ஃபோக்கஸ்ரைட் ஸ்கார்லெட் வரிசையில் சோலோ என்ற மொடலில் மைக் துளை ஒன்றுதான், மற்றது கிற்றாருக்கும் கீபோர்டுக்கும். அதே வரிசையின் 2ஐ2, பெஹ்ரிங்கரின் யூஎம்சி202எச்டி போன்றவற்றில் இரண்டு மைக் போடலாம். மிருதங்கத்தின் வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று என்று வைக்க வேண்டி வரும் நாளில் இரண்டின் அருமை தெரியும். 48 வோல்ட் என்று ஒரு பொத்தான் இருக்க வேண்டும். டைனமிக் அல்லாத இன்னொரு வகையான கொண்டென்சர் மைக்குக்கு வெளியிலிருந்து மின்சாரம் தேவை, அது அதே மைக் கேபிளுக்குள்ளாகவே போகிறது. யூஎஸ்பியில் வருவது 5 வோல்ட்தானே என்று கேட்கலாம். பெட்டிக்குள் ஒரு சின்னச் சுற்று அதை 48 ஆக உயர்த்துகிறது. இன்ஸ்ட்ருமென்ட் என்று குறித்த துளையும் வேண்டும். மின் கிற்றாரின் காந்தச் சுருளுக்கு 10 லட்சம் ஓம் அளவில் தடையுள்ள வாசல் தேவை. மூவாயிரம் ஓம் சொச்சம் உள்ள மைக் வாசலில் செருகினால் மேல் ஸ்தாயியின் பளிச்சென்ற தன்மை செத்துவிடும்.

இணுவில், அளவெட்டிப் பக்கம் இருப்பவர்கள் நாதஸ்வரமும் தவிலும் பதியப் போகிறீர்கள் என்றால் பிரச்சினை தலைகீழ். அங்கே பெருக்கல் தேவையே இல்லை. கொண்டென்சர் மைக்கைக் கிட்ட வைத்தால் கெயினை, அதாவது பெருக்கும் அளவை, அடிமட்டத்துக்குக் குறைத்தாலும் பெட்டியின் சிவப்பு எச்சரிக்கை விளக்கு எரியும். உள்ளே வருவதை 10 அல்லது 20 டெசிபல் குறைத்துவிடும் பேட் வசதி இருக்கிற பெட்டியைத் தேடுங்கள், அல்லது டைனமிக் மைக்கோடு நில்லுங்கள்.

பெருக்கிய அலையை எண்ணாக்குவது அடுத்த கட்டம். 48 கிலோஹேர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 48,000 தடவை அலையின் உயரத்தை அளந்து எழுதுவது. மனிதக் காது 20,000 ஹேர்ட்ஸுக்கு மேல் கேட்காது, அதை முழுதாகப் பிடிக்க அதன் இரண்டு மடங்குக்குச் சற்று மேல் அளந்தால் போதும். பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கும் 192 கிலோஹேர்ட்ஸை மறந்துவிடலாம். 24 பிட் என்பதற்கு மட்டும் அர்த்தம் உண்டு. ஒவ்வோர் உயரத்தையும் எத்தனை இலக்கத்தில் எழுதுகிறது என்பதுதான் பிட். ஒவ்வொரு பிட்டும் 6 டெசிபல். உச்சம் எல்லைக்கு 12 டெசிபல் கீழே, மைனஸ் 12இல் நிற்கும்படி கெயினைக் குறைத்து வைத்தால் இரண்டு பிட் வீணாகிறது, 22 மிச்சம். சீடியில் இருப்பதே 16தான். ஆகவே தாராளமாக இடம் விட்டுப் பதியுங்கள். சிவப்பைத் தொட்ட அலையின் தலை வெட்டுப்பட்டுவிடும், வெட்டுப்பட்டதை எந்த மென்பொருளும் முழுதாக ஒட்டாது.

இப்போதுதான் கொம்பியூட்டர் வருகிறது. ஒரு மைக், 24 பிட், 48 கிலோஹேர்ட்ஸ் என்றால் வினாடிக்கு 1,44,000 பைட், நிமிடத்துக்கு 9 மெகாபைட்டுக்கும் குறைவு. இரண்டு மைக்கும் சேர்ந்து வினாடிக்கு 2.3 மெகாபிட். 2000ஆம் ஆண்டு வந்த யூஎஸ்பி 2.0 தாங்குவது 480 மெகாபிட். பழைய ஹார்ட் டிஸ்க்கூட இந்த அளவுக்கு அசையாது. அப்படியென்றால் கஷ்டம் எதில்?

நேரத்தில். கொம்பியூட்டர் ஒவ்வொரு எண்ணாக வாங்குவதில்லை. 128, 256 என்று ஒரு கட்டுச் சேர்ந்ததும் அள்ளுகிறது. அந்தக் கட்டின் அளவுதான் பஃபர். 44.1 கிலோஹேர்ட்ஸில் 128 எண்கள் சேர 2.9 மில்லிவினாடி. அதற்குள் முந்தைய கட்டுக்கான எல்லாக் கணக்கும் முடிந்து, ஹெட்போனுக்குப் போக வேண்டிய கட்டும் தயாராக இருக்க வேண்டும். ஒரு கட்டுத் தவறினாலும் "டிக்" என்று ஒரு வெடிப்பு. பஃபரை 1024 ஆக்கினால் அவகாசம் 23 மில்லிவினாடியாகக் கூடும், ஆனால் உள்ளே போக ஒன்று, வெளியே வர ஒன்று என்று உங்கள் குரல் 46 மில்லிவினாடிக்கு மேல் பிந்தி உங்கள் காதுக்கு வரும். பாடிப் பாருங்கள், தாளம் காலை வாரும்.

எவ்வளவு தாமதம் பொறுக்கலாம் என்பதற்குக் கச்சேரி மேடையே அளவுகோல். நம் ஊர் 30 பாகை வெப்பத்தில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 349 மீற்றர் போகும். ஒரு மீற்றருக்கு 2.9 மில்லிவினாடி. பாடகரிடமிருந்து இரண்டு மீற்றர் தள்ளியிருக்கும் மிருதங்கக்காரர் எப்போதும் 6 மில்லிவினாடி பிந்தித்தான் கேட்கிறார், யாரும் குறை சொன்னதில்லை. 128 பஃபரில் போக வர ஆகும் நேரம் கிட்டத்தட்ட அதேதான், இன்டர்ஃபேஸ் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் சேர்க்கும்.

விண்டோஸில் இந்தக் குறைந்த தாமதத்தை எட்ட ஆசியோ டிரைவர் (மென்பொருளையும் பெட்டியையும் இணைக்கும் சின்ன நிரல்) வேண்டும். விண்டோஸின் சாதாரண வழி எல்லா மென்பொருள்களின் சத்தத்தையும் கலந்து அனுப்பும், அங்கே தாமதம் ஏறும். ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்த ஆசியோ அந்தக் கலவையைத் தாண்டி நேரே பெட்டியோடு பேசுகிறது. தயாரித்தவரே எழுதிய ஆசியோ டிரைவர் உள்ள இன்டர்ஃபேஸுக்கும், பொதுவான ஒன்றை இறக்கிக்கொள்ளச் சொல்லும் இன்டர்ஃபேஸுக்கும் விலையில் சின்ன வித்தியாசம்தான் இருக்கும். அந்த வித்தியாசத்தைக் கொடுத்துவிடுங்கள். அப்பிளின் மக் கொம்பியூட்டர்களில் இதே வேலைக்கான கோர் ஓடியோ கூடவே வருவதால் இந்தத் தலையிடி இல்லை.

குரல் மட்டும் பதிகிறவர்களுக்கு இதைவிட லேசான வழி ஒன்று உண்டு. டைரக்ட் மொனிட்டர் பொத்தானை அழுத்தினால், குரல் கொம்பியூட்டருக்குப் போகுமுன்பே ஒரு கிளை பிரிந்து ஹெட்போனுக்கு வந்துவிடும். தாமதம் என்ற பேச்சே இல்லை. பஃபரை 1024இல் விட்டுவிட்டுப் பழைய லப்டொப்பில்கூட நிம்மதியாகப் பாடலாம். கொம்பியூட்டருக்குள்ளேயே கிற்றார் அம்ப்பும் பியானோவும் ஓட வைத்து வாசிக்கிறவர்களுக்குத்தான் பஃபரைக் குறைத்தே ஆகவேண்டும். வேகமான கொம்பியூட்டர் தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான்.

அந்த வேகத்திலும் ஒரு நுணுக்கம். ஒரு டிராக்கில் (ஒரு குரலோ வாத்தியமோ பதிந்த வரி) வரிசையாகப் போட்ட பிளக்-இன்கள் (ஒலியை மாற்றும் துணை மென்பொருள்கள்) ஒன்றின் விடைக்காக மற்றொன்று காத்திருப்பதால், பொதுவாகப் புரொசசருக்குள் இருக்கும் கணக்கிடும் பகுதிகளில் ஒன்றில், அதாவது ஒரே கோரில்தான் ஓடும். எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோர் எவ்வளவு வேகம் என்பது முக்கியம். இரண்டாம் கை அலுவலக லப்டொப் வாங்குவதென்றால் இன்டெல் 8ஆம் தலைமுறைக்குக் கீழே போகாதீர்கள். மெல்லிய லப்டொப்புகளின் ஐ-ஃபைவ் அந்தத் தலைமுறையில்தான் நான்கு கோருக்கு வந்தது. விண்டோஸ் 11 ஏற்கும் பட்டியலும் ஏறக்குறைய அங்கிருந்துதான் தொடங்குகிறது, விண்டோஸ் 10க்கான ஆதரவோ 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. ராம் 8 ஜிபி குரலுக்கும் வயலினுக்கும் காணும், உண்மை வாத்தியங்களின் ஒலிப்பதிவைக் கொண்டு இயங்கும் மாதிரி வாத்தியங்கள் (சாம்பிள்கள்) ஏற்றினால் 16. எஸ்எஸ்டி கட்டாயம். வேகத்துக்கு மட்டுமல்ல, சுழலும் டிஸ்க்கின் முனகல் மைக்கில் விழாது.

மின்சாரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். கரண்ட் போனதும் லப்டொப் பற்றரிக்கு மாறி, தானாகவே மின்சிக்கன நிலைக்குப் போய், புரொசசரின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவரை ஒழுங்காக ஓடிய பாட்டு திடீரென்று டிக் டிக் என்று உடைவது அதனால்தான். பவர் அமைப்பில் உச்ச வேகத்தை நிரந்தரமாக்கி வையுங்கள். மாறாக, கரண்ட் இருக்கும்போது அடியில் ஒரு "ம்ம்ம்" கேட்டால் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் நின்றால் அது நம் 50 ஹேர்ட்ஸ் மின்சாரம் பூமிக் கம்பி வழியாகச் சுற்றி வருவது. மூன்று முனைச் சார்ஜரை இரண்டு முனை அடப்டரில் செருகிப் பூமியைத் துண்டிக்கிற வைத்தியம் வேண்டாம், உயிருக்கு ஆபத்து. எல்லாவற்றையும் ஒரே பிளக் போர்டில் செருகுங்கள், இல்லாவிட்டால் பாடும் நேரம் மட்டும் பற்றரியில் ஓட்டுங்கள். கனடாவிலிருந்து வரும் மாமாவிடம் இன்டர்ஃபேஸ் சொல்லி அனுப்புகிறவர்கள் யூஎஸ்பியிலேயே ஓடுகிறதைச் சொல்லுங்கள். தனி அடப்டர் உள்ளதென்றால் அதில் 100-240 வோல்ட் என்று இருக்க வேண்டும், அங்கே 120தான்.

கொண்டென்சர் மைக் தெருச் சத்தத்தையெல்லாம் இழுக்கும் என்று ஒரு பேச்சு உண்டு. பாதிதான் உண்மை. பாண் ஓட்டோவின் மெட்டும் கோயில் ஒலிபெருக்கியும் எந்த மைக்கிலும் விழும். மைக்குக்கும் வாய்க்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் 6 டெசிபல் கூடும், தெருச் சத்தம் அப்படியே இருக்கும். சீமெந்துச் சுவரும் வெறும் தரையும் உள்ள அறையில் எதிரொலி விஷயத்திலும் இதே கணக்குத்தான். முதுகுக்குப் பின்னால் ஒரு மெத்தையை நிறுத்தி, ஃபேனை நிறுத்தி, ஒரு சாண் தூரத்தில் நின்று பாடுவதற்கு ஒரு சதமும் செலவில்லை.

கடைசியாக, பழைய லப்டொப் வாங்கப் போகும்போது இன்டர்ஃபேஸையும் ஹெட்போனையும் கூடவே கொண்டுபோங்கள். ரீப்பர் என்ற ஒலிப்பதிவு மென்பொருளை 60 நாள் இலவசமாகப் பார்க்கலாம், அதைப் பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள். ஆசியோ டிரைவரைப் போட்டு, பஃபரை 128இல் வைத்து, பத்து டிராக்கில் எதிரொலி பிளக்-இன் ஏற்றி ஓட விட்டு ஐந்து நிமிடம் கேளுங்கள். வெடிப்பு வந்தால் வைஃபையை நிறுத்திப் பாருங்கள், பல லப்டொப்புகளில் நேரத்தைத் தின்பது அதன் டிரைவர்தான். நிறுத்தியும் வெடித்தால் அடுத்த லப்டொப்பைக் கேளுங்கள். கடைக்காரர் முறைப்பார், பரவாயில்லை.