சைக்கிள் சுற்றுபவரின் சுண்டு விரல்

கானாடுகாத்தான் பக்கம் ஒரு ஊரில், சித்திரை வெயிலில், ஊருணிக்கரைப் பொட்டலில் ஒருவர் சைக்கிள் சுற்றினார். ஏழு நாள் தரையில் கால் படாமல். குளியல், சாப்பாடு, சவரம் எல்லாம் சைக்கிள் மேலேயே. ரேடியோ செட் சத்தம் கேட்டதும் சின்ன வயதில் ஓடியவன்தான் நானும். இப்போது காரைக்குடியில் வைத்தியம் பார்ப்பதால், ஆறாம் நாள் போனபோது கண் முதலில் அவர் கைக்குத்தான் போனது. சுண்டு விரலும் மோதிர விரலும் மடங்கிக் கிடந்தன.

ஹேண்டில்பாரில் நாள்கணக்கில் உள்ளங்கையை ஊன்றினால் அல்நார் நரம்பு நசுங்கி அந்த இரண்டு விரல்களும் மரத்துப்போகும். எல்லாம் முடிந்த மறுநாள் கிளினிக்குக்கு வந்தார். சட்டைப் பொத்தானை மனைவிதான் கழற்றிவிட்டார். நெஞ்சில் சின்னச் சின்ன சிவப்புப் புள்ளிகள். கொசுக்கடி என்று நினைத்தேன். பார்க்க வந்தவர்கள் சட்டையில் ரூபாய் நோட்டு குத்திய ஊக்காம்! டெட்டனஸ் வராமலிருக்க டி.டி. ஊசி போட்டு அனுப்பினேன்.

தூக்கமின்மை இன்னும் மோசம். கண் திறந்திருக்கும்போதே மூளை சில விநாடி தூங்கிவிடும். சைக்கிளில் அந்தச் சில விநாடி போதும். தூங்காமலிருக்கும் சாதனையை கின்னஸ்காரர்களே 1997-லிருந்து பதிவு செய்வதில்லை.

2003-ல் லண்டனில் டேவிட் பிளேன் என்ற வித்தைக்காரர், தேம்ஸ் கரையில் தொங்கிய கண்ணாடிப் பெட்டிக்குள் தண்ணீரை மட்டும் குடித்து 44 நாள் இருந்தார். கூட்டம் முட்டை எறிந்தது. பொம்மை ஹெலிகாப்டரில் பர்கர்கூடப் பறக்கவிட்டது. இறங்கியதும் ஆஸ்பத்திரிதான். நீண்ட பட்டினிக்குப் பின் உடனே வயிறு நிறையச் சாப்பிட்டால் ரத்தத்தில் பாஸ்பேட் சரிந்து இதயமே தடுமாறலாம். நம் ஊரில் முட்டை எறிவதில்லை, நோட்டுக் குத்துகிறோம். எதுவானாலும் இத்தனை பேர் பார்க்கும்போது பாதியில் இறங்க யாருக்கு மனசு வரும்?

சரி, பார்க்கப் போகாதீர்கள் என்று சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. போனால் சைக்கிள் சுற்றுபவரிடம் பேச்சுக் கொடுங்கள். பதில் உளறலாக வந்தாலோ, தள்ளாடினாலோ ஆட்டத்தை நிறுத்தச் சொல்லுங்கள். வியர்க்கிறதே என்று ஏமாற வேண்டாம். உடலுழைப்பால் வரும் வெப்பத்தாக்கத்தில் வியர்வை இருக்கலாம். நிழலில் படுக்கவைத்து, 108-ஐக் கூப்பிட்டு, உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். நினைவு தப்பியவர் வாயில் சோடா ஊற்றாதீர்கள். அப்புறம், உங்களோடு வந்த பெரியவர்களும் அதே வெயிலில்தான் நிற்கிறார்கள்.

நான் போன அந்த ஆறாம் நாள் சாயங்காலம் மைக்கில் "இன்னும் ஒரே நாள்" என்று கத்திக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒரு ஆச்சி நூறு ரூபாயை எடுத்தார். ஊக்கை வாங்கவில்லை. "இந்தா அப்பு, எறங்கி வந்து வாங்கிக்க" என்றார். கூட்டம் சிரித்தது. அவரும் சிரித்தார், பெடலை மிதித்துக்கொண்டே. அடுத்த சுற்றிலும் ஆச்சி நோட்டை நீட்டியபடியே நின்றார்.