துளை விழாத டிக்கட்

கொழும்பு கோட்டைப் புகையிரத நிலையத்தில் நெடுங்காலம் புழங்கிய தடித்த சின்ன அட்டை டிக்கட்டை அப்பா எப்போதும் என் கையில்தான் தருவார். வாயிலில் நிற்பவர் இடுக்கியால் அதன் ஓரத்தில் 'டக்'கென்று ஒரு துளை போட்டுத் திருப்பித் தருவார். 57 மில்லிமீற்றர் நீளம், 31 மில்லிமீற்றர் அகலம். இங்கிலாந்தின் தோமஸ் எட்மண்ட்சன் 1830களின் இறுதியில் உருவாக்கிய வடிவம் அது. போட்ட துளையை யாராலும் அடைக்க முடியாது. டிக்கட்டின் பாதுகாப்பே அதுதான்.

மொஸ்கோவில் மருத்துவம் படித்த மச்சான் கொண்டுவந்த மெட்ரோ டிக்கட் ஒன்று இப்போது என் மேசையில் இருக்கிறது. அதில் துளை இல்லை. வாயிலில் உள்ள வாசிப்பான் கருவிக்குக் கிட்டக் காட்டினாலே கதவு திறக்குமாம். தொட்டுப் பார்த்தால் வெறும் கடதாசிதான். ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தால் மட்டும் உள்ளே ஒரு கோலம் தெரிகிறது: ஓரத்தை ஒட்டி, ஒன்றுக்குள் ஒன்றாகச் சுற்றிவரும் செவ்வகக் கோடுகள். அவை முடியும் இடத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. கோடுகள் அன்டெனா, புள்ளி சிப்.

டிக்கட்டில் பெட்டரி கிடையாது. வாசிப்பானுக்குள் இருக்கும் கம்பிச்சுருளில் மின்னோட்டம் செக்கனுக்கு 1 கோடியே 35 இலட்சத்து 60 ஆயிரம் தடவை ஊசலாடுகிறது. அதாவது 13.56 மெகாஹேர்ட்ஸ். அதனால் மாறிக்கொண்டே இருக்கும் காந்தப்புலம் டிக்கட்டின் சுருளை ஊடுருவும்போது அதிலும் மின்னழுத்தம் பிறக்கிறது. பரடே 1831இல் கண்டுபிடித்த அதே தூண்டல்தான். சில சென்ரிமீற்றர் தூரத்துக்குள் சிப்பை எழுப்ப அது போதும்.

சிப் பதில் சொல்லும் விதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அது தானாக எதையும் ஒலிபரப்புவதில்லை. பழைய வயரிங் உள்ள வீட்டில் அயனைப் போட்டால் பல்ப் கொஞ்சம் மங்குமல்லவா? அதேபோல சிப் தன் சுமையைக் கூட்டிக் குறைக்கிறது. தன் புலத்தில் ஏற்படும் அந்தச் சின்ன மங்கலை வாசிப்பான் எழுத்தாகப் படித்துக்கொள்கிறது.

இதைக் கடதாசியில் எப்படிச் செய்கிறார்கள்? ஒரு வழி, பிளாஸ்டிக் படலத்தில் ஒட்டிய அலுமினியத் தாளில் சுருளை மட்டும் மையால் மூடிவிட்டு, மிச்சத்தை இரசாயனத்தில் கரைப்பது. மற்ற வழி, தேவையான இடத்தில் மட்டும் வெள்ளி மையால் நேரடியாக அச்சிடுவது.

இரண்டாவது வழி கொட்டாஞ்சேனையில் கலியாணக் கார்ட் அடிப்பவருக்கும் விளங்கும், ஏனென்றால் அதுவும் ஸ்கிரீன் பிரின்டிங்தான். மெஷ் துணியின் மேல் மையை ஊற்றி ரப்பர் பட்டையால் இழுக்கிறார்கள். ஒப்செட்டில் படியும் மை மிக மெல்லியது, ஸ்கிரீனில் தடிப்பாகப் படியும். கோடு தடித்தால்தான் மின்தடை குறையும். கலியாணக் கார்டின் தங்க மை கண்ணுக்கு மினுங்கினால் போதும். இங்கே மைக்குள் இருக்கும் வெள்ளிச் செதில்கள் சூட்டில் காய்ந்து ஒன்றையொன்று தொட்டாக வேண்டும், தொட்டால்தான் மின்சாரம் ஓடும். அப்படி ஓடினாலும் தனி வெள்ளியை விடக் கடத்துதிறன் பல மடங்கு குறைவு. வெள்ளியின் விலையும் சேர்ந்துகொள்வதால், மலிவு டிக்கட்டுகளில் அலுமினியமே பெரும்பாலும் வெல்கிறது.

மையால் அச்சிடும்போது, நடுவிலுள்ள கோடுகளைத் தொடாமல் சுருளின் உள்முனையை வெளியே கொண்டுவருவது இன்னொரு சிக்கல். அந்தக் கோடுகளை மின் கடத்தாத மையால் மூடி, அதன்மேல் ஒரு கடத்திக் கோட்டைப் பாலம்போல அச்சிடுகிறார்கள்.

ஆனால் டிக்கட்டின் உயிர் சுருளிலும் இல்லை, சிப்பிலும் இல்லை. இரண்டையும் சேர்க்கும் பசையில்தான் இருக்கிறது என்பேன். சிப்பின் பக்கம் 1 மில்லிமீற்றருக்கும் குறைவு. சிப்புகள் உருவான சிலிக்கன் வட்டத்தகட்டைப் பின்புறம் தேய்த்து, தடிப்பை 120 மைக்ரோமீற்றர் அளவுக்குக் குறைத்து, பிறகு அறுத்தெடுக்கிறார்கள். பாற்சாதத்தில் முந்திரிகைபோல நுண்ணிய கடத்தித் துணிக்கைகள் கலந்த பசையை ஒரு துளி அன்டெனாவின் முனையில் வைத்து, சிப்பைக் குப்புறக் கவிழ்த்து, மேலும் கீழும் சூடான முனைகளால் சில செக்கன் அழுத்துகிறது மெஷின். சிப்பின் தங்க மொட்டுக்கும் அன்டெனாவுக்கும் நடுவே நசுங்கிய துணிக்கைகள் மட்டும் மின்சாரத்தைக் கடத்தும். மற்ற இடங்களில் அவை விலகியே நிற்பதால் ஷோர்ட் ஆகாது. கம்பி இல்லை, ஈயம் வைத்து ஒட்டுவதும் இல்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் கடதாசி ஈரத்தை உறிஞ்சி ஊதும், பொக்கெட்டில் மடங்கும். அத்தனையையும் தாங்க வேண்டியது அந்த ஒரு துளிப் பசைதான்.

பிறகு மேலும் கீழும் கடதாசி ஒட்டி, அச்சிட்டு, ஒவ்வொன்றையும் சோதித்து வெட்டுவார்கள்.

இனி அந்தத் துளைக்கு வருவோம். இவ்வகை டிக்கட்டுகளில் பரவலாகப் புழங்கும் மைஃபெயார் அல்ட்ராலைட் சிப்பின் முதல் வகையில் மொத்த நினைவகமே 64 பைட். 2006இல் ஜேர்மனியில் நடந்த உலகக் கிண்ணக் கால்பந்தாட்ட டிக்கட்டுகளுக்குள்ளும் இதுவே இருந்தது. அந்த 64 பைட்டில் 32 பிட்டுகள் தனி ரகம்: 0 என்பதை 1 ஆக்கலாம், 1 மறுபடி 0 ஆகாது. ஒரு பயணம் முடிந்தால் ஒரு பிட்டை 1 ஆக்கிவிடலாம். இடுக்கி போட்ட துளையும் இப்படித்தான், அடைக்க முடியாது.

மச்சானின் டிக்கட்டைக் கோப்பைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். கடதாசி கழன்று வந்தது, அலுமினியச் சுருளோடு கண்ணாடிபோன்ற படலம் மிஞ்சியது. துடைத்துவிட்டுப் போனின் பின்புறம் வைத்தேன். 7 பைட் இலக்கம் திரையில் வந்தது. கத்தரிக்கோலால் ஒரே ஒரு கோட்டை வெட்டினேன். அதற்குப் பிறகு எத்தனை முறை வைத்தும் போன் எதையும் காட்டவில்லை.