11ஏ சீட் கேட்பவர்களுக்கு

விமான விபத்துச் செய்தி ஒன்று வந்துவிட்டால் போதும், தெரிந்தவர்கள் எல்லாரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்: "எந்த சீட்டில் உட்கார்ந்தால் பிழைக்கலாம்?" கேபின் க்ரூவாக, அதாவது விமானத்துக்குள் பயணிகளைக் கவனிக்கும் பணியாளராக வேலை பார்த்துவிட்டு, இப்போது புதிதாகச் சேருபவர்களுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுக்கிறேன். அதனால் என்னிடம் சீட் நம்பர் இருக்கும் என்று நம்புகிறார்கள்.

2025 ஜூன் 12 அன்று அகமதாபாத்தில் ஏர் இந்தியா 171 விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்த 242 பேரில் தப்பியது ஒருவர். அவர் உட்கார்ந்திருந்தது 11ஏ. உடனே 11ஏ ராசியான சீட் ஆகிவிட்டது. பயத்தில் கேட்கிறார்கள், அது புரிகிறது. ஆனால் அந்த விமானத்தில் 11ஏ அவசர வழிக்குப் பக்கத்தில் இருந்தது. வேறு ரக விமானத்தில் அதே எண் எந்த வழியிலிருந்தும் பல வரிசை தள்ளி இருக்கலாம். அதற்கு ஆறு மாதம் முன்பு, 2024 டிசம்பர் 29 அன்று, தென் கொரியாவின் முவானில் நடந்த விபத்தில் தப்பிய இருவருமே வால் பகுதியில் இருந்த பணியாளர்கள். ஒரு விபத்தை வைத்து சீட்டைத் தேர்வு செய்தால் அடுத்த விபத்து அதைப் பொய்யாக்கிவிடும்.

எந்த சீட் கிடைத்தாலும் சரி, உட்கார்ந்ததும் முன்னால் ஒரு வழி, பின்னால் ஒரு வழி பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை எத்தனை வரிசை என்று எண்ணி மனதில் வையுங்கள். புகை சூழ்ந்தால் கண் உதவாது. குனிந்தபடி சீட் முதுகுகளைக் கையால் தடவி எண்ணிக்கொண்டேதான் போக வேண்டியிருக்கும்.

அடுத்தது 'ஏர் பாக்கெட்'. வானத்தில் எங்கோ பள்ளம் இருப்பதாகவும் விமானம் அதில் விழுவதாகவும் நம்புகிறார்கள். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூர் போன சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் விமானம் எஸ்கியூ 321 கடும் டர்புலன்ஸில், அதாவது காற்றுக் கொந்தளிப்பில் சிக்கியபோது, விமானம் 6,000 அடி விழுந்தது என்றே செய்தி பரவியது. விசாரணையில் தெரிந்தது வேறு. குலுக்கலின்போது விமானம் இறங்கியது நான்கைந்து நொடிகளில் 178 அடி. அந்த 6,000 அடி, பிறகு பாங்காக்கில் தரையிறக்குவதற்காக விமானிகள் கட்டுப்பாட்டோடு இறக்கியது. 178 அடிதானே என்று நினைக்க வேண்டாம். பெல்ட் போடாதவர்கள் சீட்டை விட்டு மேலே தூக்கப்பட்டு, மறுபடி கீழே விழுந்தார்கள். பலருக்குப் படுகாயம். ஒருவர் இறந்தே போனார். விமானம் விழுமோ என்று பயப்படுகிற அதே ஆள், 'பெல்ட் போடவும்' விளக்கு அணைந்ததும் பெல்ட்டைக் கழற்றிப் போடுகிறார். எனக்கு உண்மையிலேயே வயிற்றைக் கலக்குவது அதுதான். தூங்கும்போதும் போட்டிருங்கள். போர்வைக்கு மேலே தெரியும்படி போட்டால் நாங்கள் எழுப்பவும் மாட்டோம்.

பெல்ட்டைப் பற்றி இன்னொன்று. பதற்றத்தில் கை பழகிய வேலையைத்தான் செய்யும். கார் பெல்ட்டைப் போல நினைத்து, பொத்தானைத் தேடி அழுத்திக்கொண்டே இருப்பார்கள். விமான பெல்ட்டில் மேல்தகட்டைத் தூக்க வேண்டும். இரண்டு முறை போட்டுக் கழற்றிப் பாருங்கள், கை ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

லைஃப் ஜாக்கெட்டை முன்கூட்டியே ஊதிக்கொண்டால் பத்திரம் என்பது உயிரை வாங்கும் நம்பிக்கை. 1996இல் கடத்தப்பட்ட எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் விமானம் எரிபொருள் தீர்ந்து கொமொரோஸ் அருகே கடலில் விழுந்தது. உள்ளேயே ஜாக்கெட்டை ஊதியவர்கள், தண்ணீர் ஏறியதும் கூரையோடு ஒட்டிக்கொண்டு, தண்ணீருக்குள் முங்கி வாசலுக்கு வர முடியாமல் போனார்கள். வாசலைத் தாண்டும்போதுதான் ஊத வேண்டும்.

சரி, பைகளுக்கு வருவோம். அவசரமாக வெளியேறும்போது, "என் லேப்டாப் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன், ரெண்டு செகண்ட்" என்பவர் தன் இரண்டு நொடியை மட்டுமே கணக்குப் போடுகிறார். பின்னால் நிற்கும் வரிசை முழுக்க அங்கேயே நின்றுவிடும். பாதி வழிகள் அடைபட்டாலும் 90 நொடியில் எல்லாரையும் வெளியேற்ற முடியும் என்று காட்டிய பிறகே பெரிய பயணிகள் விமானத்துக்குச் சான்று கிடைக்கிறது. அந்தக் கணக்கில் பெட்டி இறக்கும் நேரம் கிடையாது. 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடா ஓடுபாதையில் ஜப்பான் ஏர்லைன்ஸ் 516, கடலோரக் காவல் படை விமானத்தோடு மோதித் தீப்பிடித்தது. காவல் படை விமானத்தில் ஐந்து பேர் இறந்தார்கள். ஜப்பான் ஏர்லைன்ஸில் எட்டு வழிகளில் மூன்றைத்தான் பயன்படுத்த முடிந்தது, ஒலிபெருக்கியும் வேலை செய்யவில்லை. க்ரூ மெகாபோனிலும் தொண்டை கிழியவும் கத்தி வழிகாட்டினார்கள். 379 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள். பயணிகள் பெட்டிகளை விட்டுவிட்டுச் வாசலில் விரியும் அவசரச் சறுக்கில் இறங்கியதை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லாரும் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

பாஸ்போர்ட், மாத்திரை, போன் இவற்றை விட முடியாது என்றால், விமானம் மேலே கிளம்பும்போதும் தரையிறங்கும்போதும் சட்டைப் பையிலோ இடுப்புப் பையிலோ வைத்துக்கொள்ளுங்கள். ஷூவையும் அந்த நேரத்தில் கழற்ற வேண்டாம்.